அக்கா பேசியதும் நீ சொன்னதும்

நேற்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பல்வலி போலிருக்கிறது, கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். சன்னல் வழியே வெயிலும் புழுதியும் வந்தன. அவற்றுக்கு நடுவில் அந்த வாசனை மட்டும் தனியாக வந்து மூக்கில் ஏறியது. நீ கண்ணை மூடி இரண்டு ஆடி கழிந்துவிட்டது. உன்னை நினைக்கக் கூடாது என்று நான் தீர்மானம் எதுவும் போட்டிருக்கவில்லை. நினைக்காமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நேற்று அந்த வசதி போயிற்று.

உனக்குப் பல்வலி கிடையாது. பீடி நாற்றம் அதிகாரியின் முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காக, மொழிபெயர்க்கக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு கிராம்பு. குஜராத் உப்பளங்களில் கூலியாகப் போய், மேஸ்திரியாகித் திரும்பியவன் நீ. இந்தி உன் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். வடக்கிலிருந்து உப்பு வாங்க வரும் வியாபாரி, சோதனைக்கு வரும் அதிகாரி, வழிதவறிய லாரி ஓட்டுநர் என எல்லோருக்கும் மரக்காணத்தில் ஒரே விலாசம் நீதான். "கிராம்பு உள்ள போச்சுன்னா நான் நான் இல்லடா வாத்தி. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு வாய், அவ்ளோதான்" என்பாய். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுப்பவன். என்னை ஒருநாளும் நீ பேராசிரியர் என்று சொன்னதில்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

நம் சண்டை எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. ஒரு நாட்டுக்கு ஆட்சி மொழி ஒன்று போதுமா, பல வேண்டுமா என்பதுதான் எப்போதும் விஷயம். ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை நான் வகுப்பில் நடத்துகிறேன். மத்திய அரசுக்கு இந்தி ஆட்சி மொழி, கூடவே ஆங்கிலம். எட்டாவது அட்டவணையில் இருபத்திரண்டு மொழிகள் வரிசையாக இருக்கின்றன, நம்முடையதும் அதில் ஒன்று. அட்டவணையில் இடம், அலுவலகத்தில் இடமில்லை. கல்யாணப் பந்தலில் பெயரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு இலை போடாத மாதிரி. நான் இதைச் சொல்லும்போது பையன்கள் சிரிப்பார்கள். நீ சிரித்ததில்லை.

"எத்தினி மொழிய ஆட்சி மொழி ஆக்குவ வாத்தி?" என்று கேட்பாய். "பாண்டியில பாரு. மாஹேக்காரனுக்கு மலையாளம், ஏனாம்காரனுக்கு தெலுங்கு. அங்க மட்டும் ஆபீஸர் எழுந்து நின்னா பேசறான்? வானூர் தாலுக்கா ஆபீஸ்ல தமிழ்தான. எங்க அக்கா போனா, மேற்காண் பொருள் தொடர்பா இன்னார் முன்பு முன்னிலையாகவும்னு படிக்கிறான். அது இன்னா மொழி? எங்கக்காவுக்குத் தெரிஞ்ச மொழியா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வானூரில் புரியாவிட்டால் அக்கா திருப்பிக் கேட்கலாம், மேசையைத் தட்டிக் கேட்கலாம். கேட்கும் உரிமை அவள் மொழியிலேயே இருக்கிறது என்பேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தட்டுவா. மேசைதான் ஒடையும்" என்பாய்.

டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு நான் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த கதை உனக்குத் தெரியும். பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன, நானும் நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு என் முன்னாலேயே அவர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கை அங்கே முடிவாகிக்கொண்டிருந்தது, அது எனக்குப் புரியாத மொழியில் முடிவாகிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது நீ கேட்டாய்: "உன்ன வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க. அத இந்தியில சொன்னா இன்னா, தமிழ்ல சொன்னா இன்னா?" டீக்கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

இதெல்லாம் பேச்சாகவே இருந்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திருக்காது. கிழக்கு வாய்க்கால் வந்தது.

உப்பங்கழியிலிருந்து கிழக்குப் பக்கத்துப் பாத்திகளுக்கு உப்புநீர் கொண்டுவருவது அந்த ஒரு வாய்க்கால்தான். உன் அக்கா அஞ்சலையின் பாத்திகளும் அந்தப் பக்கம். அத்தான் போனபின் குத்தகையை விடாமல் தானே இறங்கி உப்பு வாரி தன் மகளைப் படிக்கவைத்தவள். நிலம் மத்திய அரசின் நிலம். பெரிய குத்தகைக்காரர் ஒருவரின் கிடங்குக்கு லாரி போக வழி வேண்டும் என்று, வாய்க்காலின் வாயை மண் போட்டு மூடப் பார்த்தார்கள். மூடினால் அக்காவின் பாத்தி வெறும் களர். அதற்குமுன் அங்குள்ளவர்கள் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர். நம் மொழி அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று அவருக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டார்கள்.

பாத்திக் கரையில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. அதிகாரி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற முகம். ஆட்கள் ஒவ்வொருவராக ஏதோ முனகினார்கள். அக்கா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முழங்கால் வரை வெள்ளையாகப் பூத்த கால்களோடு. அவள் முனகவில்லை.

"இந்த வாய்க்கால மூடிட்டீன்னா என் பாத்திக்கு நீயா வந்து தண்ணி வுடுவ? உன் வூட்டு ஒலையில எங்க உப்புதான்யா கொதிக்குது. எங்க வாயில மண்ணப் போட்டுட்டு எந்த வாயால நீ சோறு துன்னுவ? லாரி போறதுக்கு வழி வேணுமாம். எம்மேல ஏத்திக்கினு போ. மண்ணு கொட்ட வண்டி வந்துச்சின்னா நான் குறுக்கதான் படுத்துனு இருப்பேன், எழுதிக்க. ஏண்டா பாத்துனு நிக்கிற, சொல்லுடா அந்தாளுகிட்ட."

அவள் பேசப் பேசக் கூட்டம் நிமிர்ந்தது. அதிகாரி உன்னைப் பார்த்தார். நீ கைகளைக் கட்டிக்கொண்டு, குனிந்து, சின்னதாக ஏதோ சொன்னாய். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

"இன்னாடா இது. நான் இவ்ளோ நேரம் பேசினேன், ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?"

"அந்த மொழியே அப்படித்தாங்க்கா. சுருக்கமா இருக்கும்."

கூட்டம் சிரித்தது. அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுந்தேன். ஆங்கிலத்தில், இந்த அம்மாள் கடுமையாக எதிர்க்கிறார், அதைப் பதிவு செய்யுங்கள் என்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உன் பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், குறுக்கே பேச வேண்டாம் என்றார். இன்னா சொன்னாருடா என்று உன்னைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல. இங்கிலீஷ்காரன் போயி ரொம்ப நாளாச்சேன்னு சொல்றாரு." நீயும் சிரித்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. டெல்லியில் யார் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே தெரிந்தது. தெரிந்தும் அதிக வித்தியாசமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் நீயாகத்தான் சொன்னாய், பெருமையாகவே சொன்னாய். "அவ பேசினத அப்படியே சொல்லியிருந்தேன்னு வச்சிக்க, ஆபீஸரை வேலை செய்யவுடாம தடுத்தான்னு கேஸ் போட்டிருப்பான். அக்காவ ஜெயில்ல போயி பாக்கணுமா?"

"அதனால?"

"இந்த அம்மா ரொம்பக் கஷ்டப்படுது, வாய்க்கால் விஷயத்துல ஐயா பெரிய மனசு பண்ணணும்னு கையெடுத்துக் கேக்குதுன்னு சொன்னேன். அவருக்கு மனசு எளகிடுச்சிடா. பாத்தல்ல, தலையாட்டினாரு."

நீ பொய் சொல்லவில்லை. உன் அக்காவின் கோபத்தை எடுத்து, துடைத்து, மடித்து, அதிகாரிகளிடம் நம் ஊர் எப்படிப் பேசி வாழ்ந்து வந்திருக்கிறதோ அப்படிக் கொடுத்தாய். நம் ஆட்களில் யாரை நிற்கவைத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மேலே இருப்பவனிடம் தாழ்ந்து கேட்டால் காரியம் நடக்கும் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே இலக்கணம். கொஞ்ச நாளில் ஆணை வந்தது. கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை, உதவி மட்டுமே கோரப்பட்டது என்று அதில் ஒரு வரி. மண் வண்டிகள் விடியுமுன் வந்து போய்விட்டன. அக்கா குறுக்கே படுக்க வந்தபோது வாய்க்கால் சாலையாகிக் கிடந்தது.

அந்த வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டி, டீக்கடையில் நீ சொன்னதையும் சொன்னவன் நான்தான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எதிர்ப்பு இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் உன்னிடம் பேசவில்லை. நீ என் கையில் கொடுத்தனுப்பிய நண்டு என் கையிலேயே திரும்பி வந்தது. பொங்கலுக்கு நீ எடுத்த புடவையும் அப்படித்தான். கோட்டக்குப்பத்தில் யாரோ ஒரு வளைகுடாக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். உப்பு வாரிய கைக்கு அது வேலையே இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

நான் உன்னை விடவில்லை. பார்த்தபோதெல்லாம் அதையே சொன்னேன். தமிழும் மத்திய அரசின் ஆட்சி மொழியாக இருந்திருந்தால், ஒன்று அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கும். இல்லையென்றால் அரசே சம்பளம் கொடுத்து, சத்தியம் வாங்கி, ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்திருக்கும். அக்கா சொன்னது அக்கா சொன்னபடியே பதிவில் இருந்திருக்கும். அதன்பிறகும் வாய்க்காலை மூடியிருக்கலாம். ஆனால் எதிர்ப்பு இல்லை என்று எழுதியிருக்க முடியாது.

நீ இளைத்துக்கொண்டே வந்தாய். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். அப்போதும் வாதத்தை விடவில்லை. உப்பளத்தில் வேலைக்கு வந்திருந்த பீகார் ஆள் ஒருவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட்டு வந்து, மூச்சு வாங்க என் முன்னால் உட்கார்ந்தாய். "டாக்டர் தமிழ்ல கேக்கறாரு. எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம முழிக்கிறான் பாவம். அவன் வூட்டுல பேசறது இந்திகூட இல்லடா, வேற ஏதோ. இப்ப சொல்லு வாத்தி. அவனுக்காக இங்க அவன் மொழிய ஆட்சி மொழி ஆக்கிடலாமா? ஆக்கறதுன்னா எல்லாத்தையும் ஆக்கு. இல்லன்னா என்ன மாதிரி ஒருத்தன் நடுவுல நின்னுதான் ஆவணும்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததே தவிர பதில் வரவில்லை. பதில் வந்தது நீ போனபிறகு. எல்லா மொழியையும் பலகையில் எழுத வேண்டியதில்லை. ஒருவன் அரசின் முன்னால் நின்று வாய் திறந்தால், அதைப் புரிந்துகொள்வது அரசின் பொறுப்பு, அவன் பொறுப்பு அல்ல. அந்த பீகார்காரனுக்கும் இது பொருந்தும். ஆட்சி மொழி என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான். முன்பே தோன்றியிருந்தால் இதைச் சொல்ல உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் வந்தபோது நீ கூடத்தில் படுத்திருந்தாய், தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா வந்தாள். அழவில்லை. வாய்க்கரிசி போடும்போது மட்டும், கையில் அரிசியோடு, உன் வாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

நேற்று எதற்காக நான் மரக்காணம் வந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெரிய குத்தகைக்காரர் நொடித்துப் போய்விட்டார், கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. வாய்க்காலைத் திரும்பத் திறக்கலாமா என்று கருத்துக் கேட்கிறார்கள். அக்கா போன வாரம் கூப்பிட்டாள். "தம்பி, இந்த வாட்டி வந்திருக்கிறது ஒரு பொண்ணாம். இங்கிலீஷ் பேசுதாம். நீ வந்து சொல்லு. நான் சொல்றத அப்படியே சொல்லணும், கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

ஒரு வாரமாக நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். வாயில் மண்ணைப் போடுவது, உலையில் கொதிக்கும் உப்பு, எந்த வாயால் தின்பாய் என்பது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே காரத்தோடு சொல் பார்த்து வைத்திருந்தேன். கல்லூரியில் முதல்வர் பதவி என்னைவிட இளையவனுக்குப் போனபோதுகூட நான் இவ்வளவு தயாராக எந்தச் சண்டைக்கும் போனதில்லை. அக்கா பேசுவாள், நான் சொல்வேன், அது பதிவாகும். உன் கூட்டத்தை நான் திரும்ப நடத்தப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அதிகாரி ஒடிசாக்காரப் பெண். சின்ன வயது. என் மொழி என் ஊரிலேயே ஆபீஸுக்குள் நுழையத் தயங்கும் சார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அக்கா உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"அம்மா, தொறக்கணும்னா தொறங்க. நல்லதுதான், பின்னாடி வர்றவங்களுக்கு ஆவும். எனக்கு முட்டி போயிடுச்சு, இனிமே பாத்தியில எறங்க முடியாது." நிறுத்தினாள். நான் சொல்லத் தொடங்கப் போனேன், கையை நீட்டித் தடுத்தாள். "இன்னொண்ணு. போன வாட்டி எந்தம்பிதான் நடுவுல நின்னு பேசினான். அவன் ஏதோ மாத்திச் சொல்லிட்டான்னு இவங்கல்லாம் சொல்றாங்க. எனக்கு ஜெயில் கிடைச்சிடும்னு பயந்துட்டான். அவன் இப்ப இல்ல. அவம்மேல தப்புன்னு எதுவும் எழுதிடாதீங்க. எழுதினா அது அப்படியே நின்னுடும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

நான் தேடி வைத்திருந்த எதுவும் அங்கே தேவைப்படவில்லை. உன்மேல் தப்பு என்று எழுத வேண்டும் என்பதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவன் நான். அவள் மன்னித்ததை நான் மன்னிக்கவில்லை, இன்றும் இல்லை. நான் என்ன சொல்லியிருந்தாலும் அக்காவுக்குத் தெரிந்திருக்காது. என் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்வதாகவும் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அனுதாபத்தோடு எழுதியிருப்பாள். எவ்வளவு சுலபம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. நீ அன்று எவ்வளவு சுலபமாகச் செய்தாய் என்பதும்.

அக்கா சொன்னதையே சொன்னேன். முட்டி வலி உட்பட. உன் பயம் உட்பட. என் ஆங்கிலம் அவ்வளவு வறண்டு ஒலித்து நான் கேட்டதில்லை. அந்தப் பெண், அந்த மொழிபெயர்ப்பாளர் அரசு ஊழியரா என்று கேட்டாள். இல்லை, இந்த அம்மாளுடைய தம்பி, என் நண்பன் என்றேன். எழுதிக்கொண்டாள். திறப்பார்களா என்று கேட்டேன். மேலே அனுப்புவேன் என்றாள்.

கரையில் நடக்கும்போது அக்கா கேட்டாள், "அப்படியே சொன்னியா தம்பி?"

"அப்படியேதான்கா."

"சரி."

அவ்வளவுதான். நான் சொன்னேனா இல்லையா என்று சரிபார்க்க அவளுக்கு வழியில்லை. என் வாதம் முழுவதும் இதுதான், இதைவிடப் பெரிதாக என்னிடம் எதுவும் இல்லை. தன் வாய்க்காலைப் பற்றித் தன் அரசிடம் பேசியவள், பேச்சு போய்ச் சேர்ந்ததா என்று நடுவில் நின்றவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன் கூட்டத்தன்றும் அவள் இப்படித்தான் உன்னை நம்பி வீட்டுக்குப் போயிருப்பாள். நேற்று என்னை நம்பிப் போனாள். நான் ஏமாற்றவில்லை, ஆனால் அது அவளுக்குக் கிடைத்த உரிமை அல்ல, என் குணத்தில் அவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். என் குணம் எப்படிப்பட்டது என்று உனக்கு நன்றாகத் தெரியும். அதை நம்பி ஒருத்தி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து அந்தப் பாரம் என்மேல் இருக்கிறது. இதைத்தான் நீ கடைசிவரை சுமந்துகொண்டிருந்தாயா?